இருட்டில் மணி பார்ப்பது: ஒரு டிரிட்டியம் வாட்ச், ஒரு சீக்கோ, பன்னிரண்டு டிசம்பர்கள்

எங்கள் ஊரில் இருட்டில் பளிச்சென்று தெரிகிற எதற்கும் ஒரே பெயர்தான்: ரேடியம். பைக் நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டி ஒட்டுகிற கடை ரேடியம் கடை. லாரிக்குப் பின்னால் ஒட்டும் சிவப்புப் பட்டை ரேடியம். குழந்தைகள் படுக்கும் அறையில் கூரையில் ஒட்டிய பச்சை நட்சத்திரமும் ரேடியம். இவை எதிலும் ரேடியம் என்கிற கதிரியக்க உலோகம் கிடையாது. முதல் இரண்டும் தானாக ஒளிர்வதுகூட இல்லை; மேலே விழுகிற வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவுதான்.

நிஜமாகவே இருட்டில் மணி பார்த்தாக வேண்டிய கட்டாயம் எனக்கு 2013இல் வந்தது. எரிகல் எண்ணுகிற பைத்தியம் அந்த வருடம்தான் பிடித்தது. டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சத்துக்கு வரும். நாங்கள் நாலைந்து பேர் ஜவ்வாது மலைக்குப் போய்த் தார்ப்பாய் விரித்து மல்லாந்து படுத்துவிடுவோம். காவலூர் வைணு பாப்பு ஆய்வகம் 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு அந்த மலையில் உட்கார்ந்திருப்பது சும்மா இல்லை. வானம் அவ்வளவு இருட்டு. வடகிழக்குப் பருவமழை விட்டுக்கொடுத்தால்தான் எல்லாம். பன்னிரண்டு வருடத்தில் உருப்படியாக எண்ணிய இரவுகள் பாதிகூடத் தேறாது.

ஒவ்வொரு கல் கோடு கிழிக்கும்போதும் நேரம் குறிக்க வேண்டும். போன் பைக்குள் போய்விடும். அது எங்கள் சட்டம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரே ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் அது போச்சு, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். கையைத் தூக்கியதும் விழித்துக்கொள்ளும் ஸ்மார்ட் வாட்ச்காரர் ஒருவர் ஒருமுறை வந்தார். அடுத்த வருடம் அவரைக் கூப்பிடவில்லை.

முதல் வருடம் நான் கட்டிக்கொண்டு போனது மாமாவின் பழைய சுவிஸ் வாட்ச். 1974இல் சிங்கப்பூரிலிருந்து வந்தது. டயலில் ஆறு மணிக்குக் கீழே சுவிஸ் என்ற சொல்லுக்கு இரு பக்கமும் ஆங்கில 'டி' எழுத்து குட்டியாக இருக்கும். டிரிட்டியம் என்கிற கதிரியக்க ஹைட்ரஜன் கலந்த பூச்சு என்பதற்கு அடையாளம் அது. டிரிட்டியத்தின் அரைவாழ்வு, அதாவது பாதியாகத் தேய எடுக்கும் காலம், 12.3 வருடம். அன்றைக்கே நாற்பது வருடம் நெருங்கிவிட்டது; மூன்று முறை பாதியாகி, எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். அந்த மிச்சத்தை வெளிச்சமாக்க வேண்டிய துத்தநாக சல்பைடும் களைத்துப்போயிருக்கும். பகலில் பார்த்தால் புள்ளிகள் பனங்கற்கண்டு நிறத்தில் அழகாக இருக்கின்றன. இரவில் வெறும் கறுப்பு. மலையில் அன்று மணி தெரியாமல் பக்கத்தில் படுத்திருந்தவரை இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பழைய வாட்ச் வாங்குகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று. 'டி' போட்ட டயல் செத்துவிட்டது, பயமில்லை. அதற்கும் முந்தைய நிஜ ரேடியம் டயலில் கதை தலைகீழ். ஒளிர்கிற பொருள்தான் தேய்ந்திருக்கும். ரேடியத்தின் அரைவாழ்வு 1600 வருடம் என்பதால் நூறு வருடம் கழித்தும் தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் அப்படியே இருக்கும். ஒளிரவில்லையே என்று திறந்து சுரண்டிவிடாதீர்கள். நியூ ஜெர்சியில் ஆரஞ்ச் என்ற ஊரில் டயலுக்கு ரேடியப் பூச்சில் எண் எழுதிய பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக் கூராக்கித்தான் தாடை எலும்பு அரித்துச் செத்தார்கள். அவர்களில் ஐந்து பேர் தொடுத்த வழக்கு 1928இல் சமரசத்தில் முடிந்தது. பழைய பூச்சா, கதிரியக்கம் இல்லாத புதிய பூச்சா என்று அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. இருட்டில் டார்ச்சை டயல்மேல் அடித்து அணையுங்கள். பழைய பூச்சு அணைத்ததும் கூடவே அணையும். புதியது நின்று ஒளிரும்.

அந்த அவமானத்தில்தான் ஊருக்கு வந்ததும் டியூப் வாட்ச் வாங்கினேன். இதிலும் டிரிட்டியம்தான், ஆனால் பூச்சாக இல்லை, வாயுவாக. முடி போன்ற மெல்லிய கண்ணாடிக் குழாயின் உட்சுவரில் ஒளிரும் பொடியைத் தடவி, டிரிட்டியத்தை அடைத்து, லேசரால் வாயை மூடிவிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் பெர்ன் பக்கத்தில் இருக்கிற எம்பி-மைக்ரோடெக் நிறுவனம்தான் இந்தக் குழாய்களுக்குப் பேர்போனது. ட்ரேசர், பால், லூமினாக்ஸ் என்று பல பெயர்களில் வருகிற வாட்சுகளில் இருப்பது அந்தக் குழாய்கள். டிரிட்டியம் விடும் பீட்டா கதிருக்குக் கண்ணாடியைத் தாண்டக்கூடச் சக்தி இல்லை. டயலில் 'டி25' என்று போட்டிருந்தால் மொத்தக் கதிரியக்கம் 25 மில்லிகியூரி என்ற அளவுக்குள் என்று பொருள்.

வெயிலில் காட்ட வேண்டாம், பட்டன் அமுக்க வேண்டாம். பீரோவுக்குள் ஒரு மாதம் கிடந்தாலும் திறந்தவுடன் அதே ஒளி. முதல் இரவில் அதைப் பார்த்துக்கொண்டே தூக்கம் கெட்டது. மலையில் ஒரே ஒரு குறை: மற்ற எல்லாக் குழாயும் பச்சை, பன்னிரண்டு மணிக்கு மட்டும் ஆரஞ்சு. கடையில் பார்க்க எடுப்பாக இருந்தது. கண் இருட்டுக்குப் பழகிய பிறகு அந்த ஆரஞ்சு ஏறக்குறைய மறைந்தே போகிறது! பன்னிரண்டு எங்கே என்று தெரியாமல் மணி பார்ப்பது திசை தெரியாமல் வழி கேட்பதுபோல. கட்டை விரலால் சாவியைத் தடவி, அது மூன்று மணிப் பக்கம், ஆக இது பன்னிரண்டு என்று கணக்குப் போட்டுத்தான் பல வருடம் ஓட்டினேன்.

காரணம் நம் கண்ணில் இருக்கிறது. வெளிச்சத்தில் நிறம் பார்ப்பவை கூம்பு செல்கள். இருட்டில் வேலை செய்பவை குச்சி செல்கள். குச்சி செல்களுக்கு 507 நானோமீட்டர் பக்கத்து நீலப்பச்சை நன்றாகத் தெரியும், சிவப்பு அறவே தெரியாது. விழித்திரையின் நட்ட நடுவில் அவை இல்லவும் இல்லை. அதனால் மங்கிய முள்ளை நேராக உற்றுப் பார்த்தால் காணாமல் போகும். கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு வாட்ச் பார்க்கிற பழக்கமே மாறியது. இன்னொன்றும் புரிந்தது. குச்சி செல்களால் நுணுக்கமான வடிவங்களைப் பிரித்தறிய முடியாது. 1 முதல் 12 வரை எல்லா எண்ணையும் ஒளிரும் பூச்சில் எழுதிய டயல் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அதிகாலை நான்கு மணிக்கு அது ஒரு வட்டப் புகை. முக்கோணம், கட்டை, புள்ளி போன்ற முரட்டு வடிவங்கள்தான் கடைசிவரை நிற்கின்றன.

2015இல் சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 வாங்கினேன். பன்னிரண்டில் பெரிய முக்கோணம், ஆறிலும் ஒன்பதிலும் நீளக் கட்டை, மற்ற இடங்களில் கொழுத்த புள்ளி. சீக்கோ தன் பூச்சை லூமிபிரைட் என்கிறது. சுவிஸ்காரர்கள் சூப்பர்-லூமிநோவா என்பார்கள். அடிப்படை ஒன்றுதான்: யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் சேர்த்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். 1993இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் இதைக் கொண்டுவந்த பிறகுதான் கதிரியக்கம் இல்லாமலே விடியும்வரை ஒளிர்கிற வாட்ச் சாத்தியமாயிற்று. வெளிச்சத்தை வாங்கி, உள்ளே சின்னச் சின்னப் பொறிகளில் அடைத்துவைத்து, அறை வெப்பத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கிறது.

விடுவிக்கிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. சம்பளம் வந்த முதல் வாரம் போல ஆரம்பத்தில் தாம்தூம் என்று செலவு செய்யும். லைட்டை அணைத்ததும் அந்தப் பச்சையில் சுவரில் நிழல்கூட விழும்போலத் தெரியும். அரை மணியில் அடங்கிவிடும். பிறகு மாசக் கடைசிச் சில்லறையை எண்ணி எண்ணி விடியும்வரை ஓட்டும். இணையத்தில் எல்லோரும் போடுகிற ஒப்பீட்டுப் படங்கள் அந்த முதல் வாரத்துப் படங்கள். அதைப் பார்த்து வாட்ச் வாங்காதீர்கள். டியூப் வாட்ச் பென்ஷன் மாதிரி: இன்று எவ்வளவோ நாளையும் அவ்வளவே, ஆனால் வருடம் போகப் போக அதன் மதிப்பு தேய்ந்துகொண்டே வரும்.

இரண்டையும் ஒரே கையில் கட்டிக்கொண்டு, சீக்கோவின் ஒளி எந்த நேரத்தில் டியூபின் ஒளிக்கு இறங்குகிறது என்று நோட்டில் எழுதத் தொடங்கினேன். இரவு ஏழு மணிக்கு டார்ச்சில் இரண்டு நிமிடம் காட்டுவேன், பிறகு இருட்டு. 2015இல் ஒன்பதே முக்காலுக்கெல்லாம் இரண்டும் சமமாகிவிட்டன. அதற்குமேல் டியூப்தான் ராஜா. 2019இல் பத்தரை தாண்டியது. 2024 டிசம்பரில் நடுநிசி கழிந்து பன்னிரண்டே காலுக்குத்தான் சமமானது. சீக்கோ கூடியிருக்கும் என்று நினைக்காதீர்கள். குழாய்தான் கிழடு தட்டிவிட்டது. தனியாகப் பார்த்தால் பாதியாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது, கண் அப்படி ஏமாறும். பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

சீக்கோவிலும் கோளாறு இல்லாமல் இல்லை. விநாடி முள்ளில் ஒளிரும் புள்ளி முனையில் இல்லை, வால் பக்கத்தில் இருக்கிறது. இருட்டில் அந்தப் புள்ளிதான் தெரியும், ஆக நீங்கள் படிப்பது முப்பது விநாடி தள்ளி. முதல் இரவில் என் குறிப்பு முழுக்க அரை நிமிடம் பிசகி, காலையில் டீ குடிக்கும்போது இன்னொருவர் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். சாவியை இழுத்தால் விநாடி முள் நிற்கும் வசதியும் அதில் இல்லை. எரிகல் கணக்கு உலகப் பொது நேரத்தில் போக வேண்டும் என்பதால் வாட்சை ஐந்தரை மணி நேரம் பின்னால் வைத்துவிடுவேன்; அந்த ஐந்தரை மணிக் கழித்தலைத் தூக்கக் கலக்கத்தில் மனக்கணக்காகப் போடுகிற ஆள் நான் இல்லை.

நடுவில் 2019இல் நீலப் பூச்சு ஆசையும் வந்தது. பிஜிடபிள்யூ9 என்பார்கள், பகலில் வெள்ளை, இரவில் நீலம். சி3 என்கிற பச்சையா, இந்த நீலமா என்று வாட்ச்காரர்களிடையே ஓயாத சண்டை உண்டு. சின்ன நிறுவனம் ஒன்றின் வாட்ச் வாங்கினேன். நள்ளிரவோடு சரி, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. நீலத்தைத்தான் முதலில் திட்டினேன். பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தால் முள்ளில் பூச்சு பெயருக்கு ஒரு கோடு. அதே நீலத்தை நண்பர் ஒருவரின் தடித்த முள்ளில் பார்த்தேன், விடியும்வரை நின்றது. நிறச் சண்டை வெட்டிச் சண்டை. எவ்வளவு பரப்பில், எவ்வளவு கனமாக அப்பியிருக்கிறார்கள் என்பதே முக்கியம். பழசு மாதிரித் தெரியட்டும் என்று காவிநிறம் கலந்து பூசுகிறார்களே, அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கலந்த நிறமே பாதி ஒளியைத் தின்றுவிடும்.

ஒளியேற்றுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். புற ஊதாவும் நீலமும்தான் இந்தப் பூச்சுக்குச் சாப்பாடு. வெயிலில் சில நிமிடமே போதும். மஞ்சள் பல்பு அறையில் மணிக்கணக்கில் இருந்தாலும் அரை வயிறுதான். வானம் பார்ப்பவர்கள் வைத்திருக்கிற சிவப்பு டார்ச்சால் ஒரு பயனும் இல்லை. முழுக்கைச் சட்டைக்குள் வாட்ச் கிடக்க, திருப்பத்தூரிலிருந்து மலைக்கு பஸ்ஸில் போய் இறங்கினால் பட்டினியோடுதான் இரவைத் தொடங்கும். உள்ளே ஈரம் போனாலும் பூச்சு கெடும். கண்ணாடியில் பனி படிந்தால் உடனே கடைக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டில் நிலைமை வேறு. அப்பாவுக்கு எழுபத்தைந்து. ராத்திரி மூன்று முறை எழுவார். டியூப் வாட்சை ஒரு வாரம் அவர் தலைமாட்டில் வைத்துப் பார்த்தேன். "இந்தப் புள்ளிக் கோலமெல்லாம் எனக்கு வேண்டாம்டா, நம்பர் தெரியணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்குத் தோதானது டைமெக்ஸ். 1992இல் அவர்கள் கொண்டுவந்த இண்டிக்ளோ விளக்கில் சாவியை அமுக்கினால் டயல் முழுவதும் நீலப்பச்சையாக விரியும். மெல்லிய பொடிப் படலத்துக்கு இரு பக்கமும் மின்தகடு, பொத்தான் பேட்டரியிலிருந்து நூறு வோல்ட்டுக்கு மேல் ஏற்றிக் கொடுக்கிற சின்னச் சுற்று. காதில் வைத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். மலையில் அதை யாராவது அமுக்கினால் நானே சண்டைக்குப் போவேன். ஆனால் சாதாரண வீட்டில், தூக்கத்திலிருந்து எழுந்து பாத்ரூம் போகிறவருக்கு அதைவிட நல்லது கிடையாது. பேட்டரி தீர்ந்தால் விளக்கும் போகும், மணியும் போகும். இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை தெருமுனைக் கடைக்காரர் மாற்றித் தருகிறார்.

எஸ்கேஎக்ஸ் 2019இல் நின்றுபோனது. இனி செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். முள்ளும் பூச்சும் மாற்றி விற்கிறவை சந்தையில் நிறைய. வாங்குமுன் இருட்டு அறையில் இரண்டு நிமிடம் டார்ச் காட்டி, டயலும் முட்களும் ஒரே நிறத்தில் ஒளிர்கின்றனவா என்று பாருங்கள். என்னுடையது மலைக்கு மட்டும். டியூப் வாட்ச் இப்போது கட்டில் சட்டத்தில் ஆணியில் தொங்குகிறது. போன மாதம் கடையில் விசாரித்தேன், குழாய் மாற்ற வேண்டுமென்றால் சுவிட்சர்லாந்துக்குத்தான் அனுப்ப வேண்டுமாம். சொன்ன செலவுக்கு இன்னொரு வாட்சே வாங்கிவிடலாம். மாற்றவில்லை. நடுநிசிக்கு மேல் இன்னும் சீக்கோவை ஜெயித்துக்கொண்டுதான் இருக்கிறது.