என்விடிஏவா, ஜாஸா: முதல் வகுப்பை எதில் தொடங்குவது?

பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பதில் நான் கட்சி மாறியவன். தொடங்கியது ஜாஸில், இப்போது என்விடிஏ. இரண்டும் விண்டோஸ் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்கள்.

அடிப்படைப் பாடத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. இன்சர்ட்டோடு டி அழுத்தினால் திறந்திருக்கும் விண்டோவின் பெயர், இணையப் பக்கத்தில் எச் அழுத்தினால் அடுத்த தலைப்பு, இரண்டிலும் இதேதான். இன்சர்ட்டோடு 1 அழுத்தினால், அதன்பின் எந்தக் கீயைத் தொட்டாலும் அதன் பெயரையும் வேலையையும் சொல்லுமே தவிர வேறொன்றும் ஆகாது. முதல் நாள் பயம் தெளிய இது போதும்.

நான் மாறியதற்குக் காரணம் வகுப்புக்கு வெளியே இருக்கிறது. வாரம் இரண்டு மணி நேரம் என்னிடம் பழகுபவர் மீதி நாளெல்லாம் எதில் பழகுவார்? ஜாஸுக்கு உரிமம் வாங்க வேண்டும். வாங்காமல் ஓட்டினால் 40 நிமிடம்தான். அப்புறம் கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். டைப்பிங்கில் கை ஓடத் தொடங்குவதே அந்த நேரத்தில்தான். என்விடிஏ இலவசம். அதைவிட முக்கியம், பென்டிரைவில் நகல் எடுத்துக் கொடுத்துவிடலாம். நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினாலும் இன்ஸ்டால் செய்யாமலே, அவர் பழகிய அதே குரலில், அதே வேகத்தில் பேசும். ஆனால் லாகின் திரையில் இந்த நகல் உதவாது.

என்விடிஏவை 2006-இல் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான். என்விடிஏவோடு கூடவே வரும் ஈஸ்பீக் என்ற பேச்சுக்குரல் தமிழும் படிக்கும். ஆனால் குரல் தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கும், முதல் வாரம் முகம் சுளிக்காதவர் இல்லை. சரி, வேகத்தைக் கூட்டிக் கேட்கப் பழகியபின் யாரும் குறை சொல்வதில்லை. பார்வையுள்ள ஆசிரியருக்கும் ஒரு வசதி உண்டு: ஸ்பீச் வியூவரைத் திறந்தால் பேசுவதெல்லாம் எழுத்தாகவும் ஓடும். மாணவர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார் என்று எட்டிப் பார்க்கலாம்.

அலுவலக மென்பொருளுக்கு ஏற்றபடி ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதிப் பழக்கிக்கொள்வதில் ஜாஸ் பேர்பெற்றது. அந்த வேலையில் எனக்கு அனுபவம் குறைவு. மாணவர் வேலைக்குச் சேரப்போகும் இடத்தில் ஜாஸ் இருந்தால் கடைசி மாதம் அதற்கு மாறிக்கொள்ளச் சொல்கிறேன். பழகிய விரல் அதிகம் தடுமாறாது. விண்டோஸிலேயே வரும் நரேட்டர் என்ற திரை படிப்பானை என்விடிஏ இன்ஸ்டால் செய்வதற்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

லேப்டாப்பில் இன்சர்ட் கீ ஏதாவது மூலையில் ஒளிந்திருக்கும். இன்சர்ட்டின் வேலையைச் செய்யும் என்விடிஏ கீயாகக் கேப்ஸ்லாக்கையே மாற்றிவிட்டு, பிறகு பென்டிரைவில் நகல் எடுங்கள்.