மீன்பிடிக்க ரப்பர் போட் வாங்கி 38,500 ரூபாய் போனது. வாங்கும் முன் தயவுசெய்து இதைப் படியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எட்டு மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த 38,500 ரூபாய் போய்விட்டது. மீன்பிடிக்கக் காற்றடிக்கும் ரப்பர் போட் வாங்கலாமா, துடுப்பு போட்டு ஓட்டுகிற ஒல்லியான சின்னப் படகான கயாக் வாங்கலாமா என்று என்னைப்போல யாராவது இப்போது தேடிக்கொண்டிருப்பீர்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சிதம்பரம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேருகிற இடத்தில் ஐந்தாறு வருடமாகக் கரையில் நின்று தூண்டில் போடுகிறேன். கெளுத்தியும் கிழங்கானும் கரையிலேயே கிடைக்கும். கொடுவா அப்படியில்லை. ஆற்றுக்குள் நிற்கும் பழைய கம்பங்களை ஒட்டியும், சுரபுன்னை வேர்களின் நிழலிலும் ஒதுங்கி நிற்கும். தண்ணீர் வடியும் நேரத்தில் அது மடவைக் குஞ்சுகளை விரட்டுவது கரையிலிருந்தே தெரியும். ஆனால் எவ்வளவு வீசினாலும் லூர் (மீன் மாதிரிச் செய்த போலி இரை) அங்கே போய் விழாது. அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை ஞாயிறு வெறும் கையோடு திரும்பியிருப்பேன்! ஒருவர் உட்கார்ந்து போகிற மாதிரி ஏதாவது இருந்தால் போதும் என்றுதான் பணம் சேர்க்க ஆரம்பித்தேன்.

முதலில் ஆசைப்பட்டது கயாக்தான். பத்தடி நீளம், உள்ளே கால் நுழைக்காமல் மேலேயே உட்காருகிற வகை. கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரே வார்ப்பாகச் செய்திருப்பார்கள், ஒட்டு கிடையாது. உட்காரும் இடத்தில் தண்ணீர் ஏறினாலும் அடியில் இருக்கும் துளைகள் வழியாக இறங்கிவிடும். சிப்பியில் உரசினால் கீறல் விழும், அவ்வளவுதான். ஆனால் 25, 30 கிலோ எடை. நான் இருப்பது மாடியில், வாடகை வீடு. படிக்கட்டு வளைவில் பத்தடிப் பொருள் திரும்பாது. என் சின்னக் காரின் கூரையில் கேரியர் கிடையாது. அதனால் தயங்கிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் ஒரு சமூக வலைதளப் பக்கம் கண்ணில் பட்டது. தூண்டில் சாமான், கயாக், ரப்பர் போட் எல்லாம் விற்கிற பக்கம். கடை வேறு ஊரில் என்று சொல்லிக்கொண்டார்கள். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. பேரைத் தெரிந்துகொண்டு அந்த ஒன்றை மட்டும் ஒதுக்கினால் போதாது, இதே மாதிரிப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன.

நான் 52,000 ரூபாய் கயாக்கைத்தான் கேட்டுப் போன் செய்தேன். எடுத்தவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. எங்கே மீன் பிடிக்கிறீர்கள், ஆற்றிலா கடலிலா, என்ன மீன், என்ன கார், வீடு தனி வீடா மாடியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வெள்ளாற்று முகத்துவாரம், உப்புத் தண்ணீர், மாடி வீடு என்று எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சார், உங்களுக்குக் கயாக் வேண்டாம். வாங்கினீங்கன்னா வைக்க இடமில்லாம ஆறே மாசத்துல வித்துடுவீங்க. ரப்பர் போட் எடுத்துக்கங்க, பையில மடிச்சு டிக்கியில போட்டுக்கலாம். 38,500தான்" என்றார்.

என்னை விழ வைத்தது அந்த ஒரு பேச்சுதான். 52,000 ரூபாய் வியாபாரத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, என் வீட்டுப் படிக்கட்டை நினைத்துப் பேசுகிறாரே என்று மனது இளகிவிட்டது. பழவேற்காட்டில் தன் சொந்தத் தம்பியே இதே போட்டில்தான் மீன் பிடிக்கிறான் என்றார். ஒருவர் அதில் நின்றபடி தூண்டில் வீசுகிற வீடியோ வந்தது. கல் மேல் போட்டு இழுக்கிற வீடியோ வந்தது. உள்ளே பாலியஸ்டர் துணி வைத்த 0.9 மில்லிமீட்டர் பி.வி.சி., மூன்று தனித்தனிக் காற்றறைகள், அடியில் பிளைவுட் பலகை, பின்னால் மோட்டார் மாட்டப் பலகை என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பினார். முழுப் பணமும் யு.பி.ஐ.யில் அனுப்பினேன். பில் பெட்டிக்குள்ளேயே வரும் என்றார். ஜி.எஸ்.டி. எண் என்ன என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அண்ணன் தம்பி மாதிரிப் பேசியவரிடம் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன்.

பெட்டி வந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு கையால் தூக்கிவிட்டேன். பில் இல்லை, பிளைவுட் இல்லை, மோட்டார் பலகை இல்லை. போன் செய்தால், "பலகை தனிப் பார்சல்ல வருது சார், அது இல்லாமலும் ஓட்டலாம்" என்றார். ரொம்ப மெல்லிசாக இருக்கிறதே என்றால், "புது மெட்டீரியல் சார், லைட்டாத்தான் இருக்கும், ஸ்ட்ராங்கு" என்றார். பலகை இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பதினோரு நாள் ஓடியது. வரவே இல்லை.

சரி, கரை ஓரமாகவாவது ஒருமுறை இறக்கிப் பார்ப்போம் என்று ஞாயிறு காலை போனேன். அக்கா மகனும் கூட வந்தான், எட்டாம் வகுப்பு படிக்கிறான். நானும் ஏறுவேன் மாமா என்று ஒரே அடம். முதல் தடவை நான் மட்டும் போய்ப் பார்க்கிறேன், நீ கரையில் நில் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவனையும் ஏற்றியிருந்தால் என்ற நினைப்பு வந்தால் இரவில் தூக்கம் போய்விடுகிறது.

ஏழு மணிக்குக் காற்றடித்தேன், போட்டைச் சுற்றியிருக்கும் காற்றுக் குழாயில் போட்டிருக்கும் அளவுக் கோடு வரைதான். தண்ணீரில் இறங்கியதுமே ஒன்று புரிந்தது. இந்தப் போட் தண்ணீருக்குள் உட்காராமல் பலூன் மாதிரி மேலேயே நிற்கிறது. காலையில் கரைக்காற்று கடலைப் பார்த்து வீசும். அது அப்படியே தள்ளிக்கொண்டு போகிறது. துடுப்பு போடுவதை நிறுத்தினால் மூக்கு திரும்பிவிடுகிறது. தண்ணீரும் வடிந்துகொண்டிருந்ததால் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து முகத்துவாரத்துப் பக்கமே இழுத்தன. கயாக்குக்குத் தண்ணீரில் பிடிமானம் அதிகம், இப்படி அலையாது என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்கு உடம்பால் தெரிந்துகொண்டேன்.

ஒன்பது மணி இருக்கும். வெயில் ஏறி, குழாய் கையில் தொட முடியாதபடி சூடாகி விறைத்திருந்தது. எதிலும் மோதவில்லை, எந்தச் சிப்பியிலும் உரசவில்லை. என் இடது பக்கம் குழாயும் அடித்தளமும் சேரும் ஒட்டு பட்டென்று விட்டது. ஒரு முழ நீளம். வெளிக்குழாய் முழுவதும் சில நொடிகளில் தொங்கிப் போனது. மூன்று அறை என்றார்களே, இருந்தது இரண்டுதான். உள்ளே இருந்த சின்னக் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் மிதந்தேன். லைஃப் ஜாக்கெட் நான் தனியாக வாங்கி வைத்திருந்தது, அது மட்டும்தான் காப்பாற்றியது. கரையில் பையன் மாமா, மாமா என்று கத்திக்கொண்டே ஓடி வருகிறான். ராடும் ரீலும் போயே போய்விட்டன, அது தனிக் கணக்கு.

வலை இழுத்துவிட்டு வந்துகொண்டிருந்த ஒரு ஃபைபர் போட்காரர் அவன் சத்தம் கேட்டுத் திருப்பிக்கொண்டு வந்தார். என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த ரப்பரைக் கையில் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இதுல புள்ளைங்க குளிக்கலாம். இத நம்பி ஏன்யா ஆத்துக்கு வந்த?" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. டீசலுக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே என்று பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டில் கழுவும்போதுதான் அடுத்தது. பக்கவாட்டில் பெரிதாக ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கர் தண்ணீரில் ஊறி ஓரம் கிளம்பியிருந்தது. உரித்துப் பார்த்தேன். அடியில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது: நீச்சல் குளத்தில், பெரியவர்கள் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்தவும், இது உயிர்காக்கும் சாதனம் அல்ல என்று. அதை மறைக்கத்தான் அந்த ஸ்டிக்கர். தெரியாமல் நடந்த தவறு இல்லை இது. குளத்துப் பொம்மையை 38,500 ரூபாய்க்கு மீன்பிடிப் படகு என்று விற்றிருக்கிறார்கள்.

போன் செய்தேன். முதல் முறை, "போட்டோ அனுப்புங்க சார், டெக்னிகல் டீம் பாத்துட்டுச் சொல்லுவாங்க." அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்து, "காத்து அதிகமா அடிச்சிட்டீங்க, அது உங்க தப்பு." கோடு வரைதான் அடித்தேன் என்றேன். "பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா? இல்லைன்னா கிளெய்ம் கிடையாது." திங்கள் காலை வேறொரு பெண் பேசினார். "உப்புத் தண்ணியில போட்டா வாரண்டி போயிடும் சார்." எனக்குக் குரலே எழும்பவில்லை. முதல் போனில் நான் சொன்ன முதல் விஷயமே உப்புத் தண்ணீர் என்பதுதானே! கடைசியாக, கிழிந்த இடத்தை ஒட்டும் பசை 850 ரூபாய், வேண்டுமானால் அனுப்புகிறோம் என்றார். ஸ்டிக்கர் உரித்த படத்தை அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது. அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். பெட்டியில் இருந்த அனுப்புநர் முகவரி ஒரு கூரியர் கிடங்கினுடையது. வங்கியில் கேட்டால், நீங்களே விரும்பி அனுப்பிய பணம், இதில் நாங்கள் செய்ய ஒன்றுமில்லை என்கிறார்கள்.

எதை வாங்குவது என்று விவரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போதைக்கு மனம் ஓடவில்லை, முடிந்ததைச் சொல்கிறேன். ரப்பர் போட் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்லதும் உண்டு. ஆனால் உள்ளே துணி வைத்த நல்ல பி.வி.சி. படகு பலகையோடு சேர்ந்தால் கயாக் அளவுக்கே கனக்கும். ஒரு கையால் தூக்க முடிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒட்டுகளை நேரில் விரலால் தடவிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெயிலில் காற்று விரியும், கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். சிப்பி இருக்கிற ஆற்றில் என்றால் என் யோசனை கயாக்தான், வைக்க இடம் இல்லாவிட்டால் கரையிலேயே தெரிந்தவர் வீட்டில் விட்டு வையுங்கள். முழுப் பணத்தை முன்னால் யு.பி.ஐ.யில் போடாதீர்கள். ஜி.எஸ்.டி. எண்ணை முதலில் வாங்கிச் சரிபாருங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கவே இறங்காதீர்கள்.

ஏமாந்தவர்கள் 1915-க்கு அடியுங்கள், நுகர்வோர் உதவி எண். நானும் அடித்துப் பதிவு செய்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவன் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. நாளை லீவு போட்டுவிட்டுக் கடலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கிழிந்த போட்டையும் அந்த ஸ்டிக்கரையும் எடுத்துக்கொண்டுதான்.

மனைவியின் போனில் சற்று முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே வீடியோ, அதே 38,500 ரூபாய், மூன்று படகுகள்தான் மீதம் என்று இன்று காலை போட்டிருக்கிறார்கள். கீழே ஒருவர், என் பையனையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகப் போகலாம் சார் என்று பதில் போட்டிருக்கிறார்கள். அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை.