“25 டன் தள்ளும்” என்று விற்கும் பழைய சிலிண்டர்: விறகு பிளக்கும் மெஷின் கட்டுவோர் கவனத்துக்கு

டிராக்டர் ஹைட்ராலிக்கில் ஓடும் விறகு பிளக்கும் மெஷினைச் சொந்தமாகக் கட்டுபவர்கள் முதலில் தேடுவது பழைய சிலிண்டரைத்தான். ஏமாறுவதும் அங்கேதான். “ரீகண்டிஷன் பண்ணினது, 25 டன்” என்று தலையில் கட்டப்பட்ட ஒரு சிலிண்டர், கணு விழுந்த கட்டையில் பாதி இறங்கியதும் நின்றுவிட்டது. விற்றவரைக் கேட்டால், “உங்க டிராக்டர்ல பிரஷர் இல்லைங்க.”

அது உண்மையா என்று பார்ப்பது சுலபம். பிரஷர் லைனில் ஒரு டீ (மூவழி இணைப்பு) போட்டு அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டுங்கள். இந்தச் சிலிண்டர் திணறும்போது முள் 90 பார் அழுத்தத்தைத் தாண்டவில்லை. எஞ்சினை அணைத்து, லீவரை ஆட்டிப் பிரஷரை இறக்கி, சிலிண்டர் ஹோஸைக் கழற்றி, அந்த ஹோஸின் வாயை அழுத்தம் தாங்கும் ஸ்டீல் பிளக்கால் அடைத்து மறுபடி லீவரைத் தள்ளியதும் முள் நேராக 180. டிராக்டரில் குறையில்லை. எண்ணெய் பிஸ்டனைத் தாண்டி மறுபக்கம் ஓடுகிறது.

பிரித்தால் கதை வெளியே வந்தது. சீல்கள் புதுசுதான். ஆனால் டியூபின் உட்சுவரில் நீளவாக்கில் கோடுகள். உட்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கும் ஹோனிங் செய்யவே இல்லை. கோடு விழுந்த டியூபில் புதுச் சீல் எத்தனை நாள் தாங்கும்? சீலின் உதடு கிழிந்திருந்தது. ராடில் குரோம் உரிந்த குழிகளை மெட்டல் பட்டியால் நிரப்பித் தேய்த்திருக்கிறார்கள். நகத்தால் கீறினாலே பெயர்ந்தது. பல டிராக்டர்களில் ஹைட்ராலிக்குக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய். அந்த ரப்பர் துணுக்கும் துருவும் ரிட்டர்ன் வழியாக அங்கேதான் போய்ச் சேரும். சிலிண்டரை விட அதுதான் பெரிய செலவு.

சிலிண்டர் நல்லதாகவே இருந்தாலும் 25 டன் பொய்தான். 100 மி.மீ. உள்விட்டத்துக்குப் பரப்பு 78.5 சதுர செ.மீ. 180 பாரில் கிடைப்பது சுமார் 14 டன். 25 டன்னுக்கு 310 பாருக்கு மேல் வேண்டும். அதற்காக, பிரஷர் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வை முறுக்கினால் பம்பு போகும். “அஞ்சு செகண்டுல போய் வரும்” என்பதும் அப்படித்தான்: 600 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு 4.7 லிட்டர் எண்ணெய் வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் பம்பில் போவதற்கு மட்டுமே 14 செகண்ட்.

டிப்பர் டிரெய்லர் சிலிண்டரையும் இதற்கென்று விற்கிறார்கள். அதில் எண்ணெய் போய் வரும் போர்ட் ஒன்றுதான். ராடு வெளியே போகும், தானாகத் திரும்பாது. இரண்டு போர்ட் இருக்கிறதா பாருங்கள். டிராக்டரில் ஒரே டேப்பிங் (எண்ணெய் எடுக்கும் வாய்) என்றால், எண்ணெயைத் திசை மாற்றி விடும் ஸ்பூல் வால்வும், எண்ணெய் தடையில்லாமல் திரும்பத் தடித்த ரிட்டர்ன் ஹோஸும் கூடுதலாக வேண்டும்.

ஹோஸில் விளையாட்டு வேறு. அரை அங்குல 2எஸ்என் (உள்ளே இரண்டு அடுக்குக் கம்பி வலை) 275 பார் தாங்கும். 1எஸ்என் (ஒரே அடுக்கு) 160 தான். வெளியே பார்த்தால் இரண்டும் கருப்பு ரப்பர். மேலே அச்சடித்த வரியைப் படித்த பிறகே முனைகளைப் பொருத்தி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டையைக் காட்டுங்கள். ஊசிமுனை ஓட்டையில் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

வாங்கும்போது, ராடு வெளியே வரும் முனையில் உள்ள மூடியான கிளாண்டைக் கண்ணெதிரே கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து டியூபை முழு நீளத்துக்கும் பாருங்கள். கழற்ற மறுத்தால் வாங்க வேண்டாம்.