டிசிஓ முத்திரையா, ஈபீட் பதக்கமா?

அலுவலகத்துக்கு மடிக்கணினி வாங்குபவர்கள் அடிக்கடி பார்க்கும் பெயர்கள் இவை இரண்டும்: மின்னணுக் கருவிகள் சுற்றுச்சூழலுக்கு உகந்தவையா என்று பார்த்துத் தரும் சான்றுகள்.

டிசிஓ சர்ட்டிஃபைட், சுவீடனின் ஊழியர் சங்கக் கூட்டமைப்பிலிருந்து 1992-இல் வந்தது. முதலில் கணினித் திரைகளுக்கு மட்டும்தான். பேரமே கிடையாது: எல்லா நிபந்தனைகளும் கட்டாயம். தொழிற்சாலையில் வேலை செய்பவர்களின் நிலைமையும் அதில் அடக்கம் (தொழிற்சங்கம் பெற்ற பிள்ளையல்லவா!). வெளியார் சரிபார்த்த பிறகே முத்திரை.

2006-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபீட் படிப்படியாக மதிப்பிடுகிறது. கட்டாய விதிகள் மட்டும் என்றால் வெண்கலம். விருப்ப விதிகளிலும் புள்ளிகள் சேர்த்தால் வெள்ளி, தங்கம். 2007-இல் அமெரிக்க அரசே தன் கொள்முதலுக்கு இதைக் கேட்டது. ஈபீட் பட்டியலில் ஏறிய கருவிகளைப் பின்னாலும் சோதிக்கிறார்கள்.

என் ஓட்டு டிசிஓவுக்கு. கிடைக்காவிட்டால் ஈபீட் தங்கம். வெண்கலத்தோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன்.