நிறுத்தி வைப்பதா, ஓட்டுவதா? லண்டனின் பழைய பஸ்கள் சொல்லும் கதை

லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் பி340 என்ற எண்ணோடு ஒரு பஸ் நிற்கிறது. போகிறவர்கள் சுற்றி வந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அதே அருங்காட்சியகத்தின் இன்னொரு பஸ் பி2737. அதைப் பழுது பார்த்து 2014-ல் ரோட்டில் இறக்கினார்கள். இரண்டும் பி டைப் என்ற ஒரே குடும்பம். 1910-ல் வந்த வண்டி, மேல்மாடிக்குக் கூரை கிடையாது, மழை வந்தால் மேலே உட்கார்ந்தவர் நனைய வேண்டியதுதான். முதல் உலகப் போரின்போது சுமார் ஆயிரம் லண்டன் பஸ்கள் சிப்பாய்களை ஏற்றிச் செல்லப் போர்முனைக்குப் போயின. அவற்றில் பெரும்பாலானவை இந்த வகை. இன்று மிஞ்சியிருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவ்வளவு அரிதான பொருளை ஓட்டலாமா என்பதுதான் கேள்வி. பழைய பஸ்களில் பைத்தியமாக இருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவது இங்கேதான்.

நிறுத்தி வைக்கும் கட்சியின் வாதம் எளிது. ஓடுகிற வண்டி தேயும். தேய்ந்ததை மாற்றுவீர்கள். இன்று பிரேக், நாளை ரேடியேட்டர், அடுத்த வருடம் பாடியின் மரச்சட்டம். இருபது வருடம் கழித்து நம்பர் பிளேட் மட்டும் பழையதாக இருக்கும். நிற்கிற வண்டியில் பழைய பெயிண்டின் அடுக்குகள் அப்படியே இருக்கும், தச்சனின் உளித் தடம் இருக்கும், போன தலைமுறை மெக்கானிக் அவசரத்துக்கு வைத்த ஒட்டுகூட இருக்கும். பின்னால் வருகிறவர்கள் கேட்கப்போகும் கேள்வி என்னவென்று இப்போது நமக்குத் தெரியாது. அதற்குப் பதில் அந்த ஒட்டில் இருக்கலாம்.

சரிதான். ஆனால் நிறுத்தி வைத்தால் பஸ் கெடாது என்று நினைத்தால் அது தப்பு. ஒரே இடத்தில் நிற்கிற டயர் ஒரு பக்கம் தட்டையாகும், ரப்பர் வாஷர்கள் காய்ந்து வெடிக்கும், பேரிங்கில் இருந்து எண்ணெய் வடிந்து இரும்பு துரு ஏறும். அதனால்தான் அருங்காட்சியகங்கள் நீரை வடித்துவிட்டு, எடையைத் தாங்க முட்டு கொடுத்து நிறுத்துகின்றன. சீட் துணியின் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும் என்று விளக்கையும் மங்கலாக்குகிறார்கள். சும்மா நிற்க வைப்பதற்கே இத்தனை வேலை.

ஓட்டும் கட்சியிடம் கேட்டால், பஸ் என்பது தகரமும் மரமும் மட்டுமல்ல என்பார்கள். எனக்கு இதில் பாதிக்கு மேல் சம்மதம். ரூட்மாஸ்டர் என்ற பிரபலமான மாடி பஸ்ஸுக்கு முன்னால் லண்டனில் ஆயிரக்கணக்கில் ஓடிய ஆர்டி பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கியர் பாக்ஸில் அடுத்த கியரை முதலிலேயே தேர்ந்து வைத்துவிட்டு, வேண்டிய நேரத்தில் மிதியை அழுத்த வேண்டும், அப்போதுதான் கியர் விழும். இதைப் பலகையில் எழுதி வைத்து யாருக்கும் புரிய வைக்க முடியாது. கால் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. ஓட்டுகிறவரும், அதைப் பிரித்துப் பூட்டுகிறவரும் இல்லாமல் போனால் கியர் பாக்ஸ் வெறும் இரும்புப் பெட்டி.

இந்தச் சண்டையின் நடுவில்தான் ரூட்மாஸ்டர் வந்து குழப்புகிறது. லண்டன் என்றதும் நம் கண்ணில் வருகிற அந்தச் சிவப்பு மாடி பஸ்தான். 1954-ல் முதல் மாதிரி வெளிவந்தது, 1968 வரை மொத்தம் 2,876 வண்டிகள் கட்டினார்கள். போர்க்காலத்தில் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் கட்டிய அனுபவம் நகரப் பஸ்களை நடத்திய லண்டன் டிரான்ஸ்போர்ட்டுக்கு இருந்தது, அதை வைத்து அலுமினியத்தில் பாடி செய்தார்கள். பழைய ஆர்டியைவிட எட்டு சீட் கூடுதல், எடை மட்டும் கூடவில்லை.

இப்போது வேடிக்கை. ஆல்டன்ஹாம் என்ற பெரிய பட்டறைக்குச் சர்வீஸுக்கு வரும் ரூட்மாஸ்டரின் பாடியைத் தூக்கித் தனியாக வைப்பார்கள். கீழ்ப்பாகம் ஒரு பக்கம், பாடி ஒரு பக்கம் என்று தனித்தனியே வேலை நடக்கும். எது முதலில் தயாரோ அதை எடுத்துப் பூட்டி, எண்ணை எழுதி அனுப்பிவிடுவார்கள். உள்ளே போன பஸ்ஸும் அதே எண்ணில் வெளியே வந்த பஸ்ஸும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வண்டியில் "அசல் பாகம்" என்று எதைக் காப்பாற்றுவது? பாகங்களை மாற்றிக்கொண்டே ஓடுவதுதான் அதன் அசல் குணம். பி டைப்புக்குச் சொன்ன வாதத்தை இதற்கும் சொன்னால் எடுபடாது. அது மட்டுமில்லை, இவை நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. இரண்டை அடைகாத்துவிட்டு மீதியை ஓட்டலாம்.

எப்படி ஓட்டுவது என்பதிலும் இரண்டு வழி உண்டு. ஒன்று, தினசரி வழித்தடத்திலேயே விடுவது. 2005 டிசம்பர் 9 அன்று 159-ம் எண் தடத்தில் ரூட்மாஸ்டரின் வழக்கமான சேவை முடிந்தபோது, 9, 15 ஆகிய இரு தடங்களின் ஒரு பகுதியில் மட்டும் நினைவுக்காகச் சில வண்டிகளை விட்டுவைத்தார்கள். சாதாரண டிக்கெட், பின்னால் கதவில்லாத படி, கண்டக்டர். யாருக்கும் கட்டணக் காட்சியாக இல்லாமல் ஊர்க்காரர்களும் ஏறி இறங்கிய ஏற்பாடு. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், நிலைக்காத வழியும் இதுதான். 9-ம் எண் 2014-ல் நின்றது. 15-ம் எண் 2019-ல் கோடைக்கால வார இறுதிச் சேவையாகச் சுருங்கி, கொரோனாவில் நின்றது, அப்புறம் திரும்பவே இல்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர் ஏறவே முடியாத பஸ்ஸுக்கு ஊர்ப் பணத்தை ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். இன்னொரு விஷயம்: 1990-களிலேயே பல ரூட்மாஸ்டர்களுக்கு கம்மின்ஸ், இவெகோ கம்பெனிகளின் புது இன்ஜின் மாட்டிவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது பழைய பஸ் இல்லை.

இரண்டாவது வழி, ஆர்வலர்கள் சொந்தமாக வைத்திருந்து சில நாள் மட்டும் ஓட்டுவது. லண்டனுக்கு அருகே புரூக்லண்ட்ஸில் 2011 முதல் இருக்கும் லண்டன் பஸ் அருங்காட்சியகம் இப்படித்தான் தன் வண்டிகளை வெளியே எடுக்கிறது. இம்பர் என்ற ஊரையும் சொல்ல வேண்டும். தென் இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் ராணுவப் பயிற்சிக்காக 1943-ல் மக்களை வெளியேற்றிய கிராமம் அது. 2009-ல் தொடங்கி, வருடத்துக்கு ஒரு நாள், பெரும்பாலும் ஆகஸ்டில், பக்கத்து ஊரான வார்மின்ஸ்டரிலிருந்து அந்த ஆளில்லா ஊருக்குப் பழைய லண்டன் பஸ்களை விடுகிறார்கள், வசூல் தொண்டுக்குப் போகிறது. ஒரு நாள் என்பதால் வண்டி தேயாது, ஓடுவதால் துரு ஏறாது, டிரைவருக்கும் கை மறக்காது. கணக்குப் பார்த்தால் இதுதான் ஜெயிக்கிறது. ஒரே குறை, வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே பஸ் பைத்தியங்கள்.

கல்யாண ஊர்வலத்துக்கு விடுவது, காபிக்கடையாக மாற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாடி தப்பிக்கும், மற்றதெல்லாம் போகும். குப்பைக்குப் போவதைவிடப் பரவாயில்லை.

நம் பக்கம் இந்த வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. மும்பையில் பெஸ்ட் நிறுவனத்தின் பழைய டபுள் டெக்கர் 2023 செப்டம்பர் 15-ல் கடைசி ஓட்டம் ஓடியது. எண்ணூரில் உருவான அசோக் லேலண்ட் டைட்டன் மாடி பஸ் இங்கிலாந்தின் லேலண்ட் டைட்டன் வழிவந்தது. சென்னையில் 18ஏ மாடி பஸ்ஸில் முன் சீட்டுக்கு ஓடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒரு வண்டி எங்காவது கொட்டகையில் கிடைத்தால் நான் முதலில் அதைப் பி340 போல நடத்துவேன். படம் எடுத்து, அளந்து, எந்த ஆணி எங்கே என்று குறித்து வைப்பேன். கூட இன்னொன்று கிடைத்தால் ஓட்டலாம். அதுவரை பெயிண்ட் டப்பாவோடு வருகிறவரைக் வாசலுக்கு வெளியிலேயே நிற்கச் சொல்வேன்.