நிலாவெளிக் கரை: சபையே நடத்துவதா, குத்தகைக்கு விடுவதா?

திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் தேசிய பூங்காவான புறாத்தீவின் நுழைவுக் கட்டணம் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குப் போகிறது. கரையில் சேரும் குப்பையோ பிரதேச சபையின் தலையில். சபைக்குக் கைகொடுக்கக்கூடியவை வாகனத் தரிப்பிடமும் மலசலகூடமும்தான்.

இவற்றைக் குத்தகைக்கு விட்டால் பணம் முன்கூட்டியே வரும், ஆள் தேடும் தொல்லை இல்லை. ஆனால் கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) தொகையை மட்டும் பார்த்தால் கெட்டது. கூடக் கேட்டு எடுத்தவர் போட்ட காசை மே முதல் செப்டெம்பருக்குள் எடுத்தாக வேண்டும். முதலில் வெட்டுவது துப்புரவுச் செலவைத்தான். மாரி தொடங்கியதும் கதவைப் பூட்டிவிடுவார். ஒரு நாளில் எத்தனை தடவை கழுவுவது, மலக்குழியை யார் இறைப்பது, தவறினால் வைப்புப்பணத்தில் எவ்வளவு கழிப்பது என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

சபையே நடத்தினால் கட்டணம் கட்டுக்குள் இருக்கும். சிக்கல், கூட்டம் குவியும் சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) தினங்களில் ஊழியருக்கு விடுமுறை. நீர்ப்பம்பி பழுதானால் விலைமனு, அனுமதி என்று நாட்கள் ஓடும். அதுவரை வாளித் தண்ணீர்தான். பற்றுச்சீட்டு எழுதாமல் காசு வாங்குவதும் நடக்கும். தொடரிலக்கமிட்ட புத்தகத்தை மாலையில் அடிக்கட்டையோடு ஒப்பிடுவதோடு, இடையில் சொல்லாமல் போய் நிற்கும் வாகனங்களை எண்ணிப் பார்க்கவும் வேண்டும்.

தரிப்பிடத்தைக் குத்தகைக்கு விடலாம். மலசலகூடத்தை விடவே கூடாது. கடற்கரை மணலில் மாரிக்கு நிலத்தடி நீர் மேலேறும். இறைக்காத குழி பக்கத்துக் கிணறுகளில் கலக்கும். ஐப்பசி மழைக்கு முன்பே குழியை இறைக்கும் சபையின் பவுசர் வண்டி வந்தாக வேண்டும்.