காட்பாடியில் ஒரு ‘ஸ்மைல் டிசைன்’ பேக்கேஜ்: கைவேலைக்கு 4 மதிப்பெண், காகிதத்துக்கு 1

மேல்வரிசை முன்பல் ஆறுக்கும் வெனீர் (பல்லின் முன்பக்கம் இழைத்து ஒட்டும் மெல்லிய மூடி), மற்ற பற்களுக்கு ப்ளீச்சிங் (மருந்து வைத்து வெளுக்க வைப்பது). இதுதான் பேக்கேஜ். கிளினிக் பெயர் வேண்டாம்.

கைவேலையில் குறை சொல்ல இடமில்லை. ஈறுக்குத் தடுப்பு ஜெல் வைத்த பிறகுதான் மருந்தைத் தொடுகிறார்கள். 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஈறில் பட்டால் வெளுத்துப் புண்ணாகிவிடும். பல் நிறத்தை ஒப்பிடும் ஷேட் கார்டையும் எடுத்த எடுப்பில், பல் ஈரமாக இருக்கும்போதே, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பல் காய்ந்தால் நிறம் வெளுத்துத் தெரியும்; அதைப் பார்த்துச் செய்த வெனீர் பிறகு தனியாகத் துருத்தும்.

சொதப்பல் ரிசப்ஷனில். ‘எந்தச் சிகிச்சைக்கும் சம்மதம், பின்விளைவுக்குக் கிளினிக் பொறுப்பல்ல’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரே தாள், அடியில் கையெழுத்து. இந்தத் தாளை நம்பி டாக்டர் நிம்மதியாக இருக்க முடியாது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, ஆபத்து மூன்றையும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும், ஒன்றுக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று சமீரா கோஹ்லி வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயிர் காக்கும் அவசரம் மட்டுமே விலக்கு. அழகுக்காகச் செய்வதில் அவசரம் எங்கே வந்தது? ப்ளீச்சிங்குக்கு உட்கார்ந்தவரிடம் ‘இதையும் பண்ணிடலாம் சார்’ என்று சொல்லிக்கொண்டே வெனீருக்கு இழைத்தால் டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும். வெனீருக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் எனாமல் போகும், போனது திரும்ப வளராது.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை வேறு: எந்தெந்தப் பல், எவ்வளவு இழைப்பு, எந்த ஷேட், வெனீரைப் பின்னாளில் மாற்ற வேண்டிவரும் என்பது, ப்ளீச்சிங்கில் பழைய ஃபில்லிங்கும் கேப்பும் நிறம் மாறாது என்பது. போர்வெல் தண்ணீர் ஃப்ளோரைடால் வந்த பழுப்புக் கறை உள்ளவர்களுக்கு இன்னொரு வரி கட்டாயம்: கறை முழுசாகப் போகாமல், வெள்ளைத் திட்டுகள் முன்னைவிட எடுப்பாகத் தெரியலாம்.

வாசலில் ‘100% கேரண்டி’ பேனர் வேறு. ஜிர்கோனியாவுக்கு (வெனீர், கேப் செய்யும் பீங்கான் வகை) லேப் தரும் வாரண்டி கார்டு பொருளுக்கானது, ஈறு ஒதுங்கினால் உதவாது. ‘எனக்குப் பிடிக்கல’ என்பது மட்டும் அலட்சியம் ஆகாது. ஆனால் எழுதிய ஷேட் ஒன்று, ஒட்டியது வேறு என்றால் சேவைக் குறைபாடு.

பணத்துக்குத் துண்டுச் சீட்டுதான் தருகிறார்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். டாக்டரின் பதிவு எண்ணோடு கேட்டு வாங்குங்கள். புகார் கொடுக்க 2 வருடம் அவகாசம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வெளியூர்க்காரர் வேலூருக்கு அலைய வேண்டாம், குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம்.

போகத்தான் போகிறீர்கள் என்றால், இழைக்கும் முன் பல்மேல் மாதிரி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் காட்டுகிறார்கள். அதை உங்கள் போனிலேயே படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.